மூன்றாவது பட்டியல்

பிப்ரவரி 11
தபாலில்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். எனக்கும் முழங்கால் வலி விட்டபாடில்லை. உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடு. வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு டீயிலேயே காலத்தை ஓட்டாதே.

நெட்டையனிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. என் பிள்ளை சோம்பேறிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் போர்முனைக்குப் போன நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு வரியாவது கிறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தான். கடைசியாக எழுதியதில், ராணுவ ரேடியோவெல்லாம் நம் கடைக்கு ரிப்பேருக்கு வந்ததைவிட மோசம் என்று ஒரே நக்கல். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. போர்முனைப் பட்டியல்கள் உன் மேஜைக்குத்தான் வருகின்றன. கொஞ்சம் பார்த்துச் சொல். தாய்மாமன் நீ பார்க்காமல் யார் பார்ப்பது?

உன்னுடைய 'இந்த வாரத்து வீரன்' வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் தையற்கூடத்தில் போடுகிறார்கள். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கேட்க வேண்டும். நான் காஜா எடுத்த ராணுவச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அத்தனை பேரும் சாகிறார்கள் என்பதால் எனக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் சாகிறார்களா? ஒருத்தன்கூடவா முகம் சுளிக்கவில்லை?

பக்கத்து வீட்டுப் பட்டன்காரியின் பெரிய மகனைக் காணவில்லை என்று காகிதம் வந்தது. மறுநாளே ரேஷன் அட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். ஓடிவந்தவனை ஒளித்து வைத்திருக்கிறாளாம், வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார்கள். கூடத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பட்டன் தைக்க இப்போது ஆளில்லை. நான் மட்டும் கொல்லைப்புறச் சுவருக்கு மேலே தலையை நீட்டி இரண்டு வார்த்தை பேசுகிறேன்.

உடனே பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 24
லாரிக்காரர் கையில்

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு பரவாயில்லை. நீ முழங்காலுக்கு எண்ணெய் தடவு, சொன்னால் கேள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவர் உங்கள் தையற்கூடத்துக்குத் துணிக்கட்டு ஏற்றி வரும் லாரிக்காரர். என்னோடு படித்தவர், நம்பலாம். இனிமேல் முக்கியமானதையெல்லாம் அவரிடமே கொடுத்தனுப்பு. தபாலில் போடுவதை ஒன்று விடாமல் பிரித்துப் படிக்கிறார்கள். உன் போன கடிதத்தைப் படித்தவன் சிரிக்கத் தெரிந்தவன் போலிருக்கிறது, பிழைத்தோம்.

அக்கா, உட்கார்ந்துகொண்டு படி. எங்கள் மேஜைக்கு மூன்று பட்டியல் வரும். முதலாவது இறந்தவர்கள், இரண்டாவது காயம்பட்டவர்கள், மூன்றாவது காணாமல் போனவர்கள். நெட்டையன் பெயர் மூன்றாவதில் இருக்கிறது. செத்திருக்கலாம், எதிரியிடம் பிடிபட்டிருக்கலாம், ஓடியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் பிடிபட்டவனும் ஓடிப்போனவனும் துரோகி என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு மாதத்தில் பட்டன்காரி வீட்டுக்கு வந்தவர்கள் உன் வீட்டுக்கும் வருவார்கள்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாது. வாராவாரம் வீரனை நாங்கள் முதல் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை. இறந்தவனுக்கு உடல் இருக்கும், கூட இருந்து பார்த்தவர்கள் இருப்பார்கள், அப்படியா செத்தான் என்று யாராவது வாயைத் திறப்பார்கள். காணாமல் போனவனுக்குச் சாட்சி இல்லை. அதனால் எப்போதும் மூன்றாவது பட்டியல்தான்.

மார்ச் ஆறாம் தேதி வீரன் நம் நெட்டையன். நானே எழுதிவிட்டேன். என் மருமகன் என்று அதிகாரியிடம் சொல்லவில்லை. நான் அவனைச் சாகடித்துவிட்டால் உன்னை யாரும் தொடமாட்டார்கள். ரேஷன் இரண்டு பங்காகும். எல்லோர் எதிரிலும் அழு, ஆனால் நம்பிவிடாதே. உண்மையில் அவனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. சண்டை முடிந்து அவன் வந்து நின்றால், தகவல் பிழை என்று ஒரு வரியில் திருத்திவிடலாம். அது என் பொறுப்பு.

தம்பி


மார்ச் 15
லாரிக்காரர் கையில்

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். அழுது அழுது தொண்டைதான் கட்டிக்கொண்டது.

முன்கூட்டியே சொல்லியிருந்தாய். அழுவது மாதிரி நடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்து நின்றேன். ஒலிபெருக்கியில் அவன் பெயர் வந்ததும் நடிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது. ஒற்றை ஆளாக மூன்று மணி நேரம் பாலத்தைக் காத்தான் என்கிறாய். தண்ணீரைக் கண்டால் எட்டு மைல் ஓடுகிறவன், அவனைப் போய் ஆற்றின் மேலே நிறுத்தியிருக்கிறாய். கடைசியில் சிரித்த முகத்தோடு என்று வந்தது. கூடமே விசும்பியது. எனக்கு உன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, அதே நேரத்தில் இவ்வளவு நன்றாக எழுதுகிறானே என்றும் இருந்தது.

வாசல் நிலையில் 'வீரன் வீடு' என்று பித்தளைத் தகடு அடித்துவிட்டுப் போனார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் தலையை இடித்துக்கொள்வானே, சரியாக அந்த இடத்தில். மேஸ்திரி எனக்கு முதுகு சாய்க்கிற நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். வாரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து அவன் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போகின்றன. அவன் கழற்றிப் போட்ட ரேடியோ ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

ஆள் சேர்க்கும் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். என்ன பேசுவது? நாலு பேர் கூடினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அக்கா


ஏப்ரல் 2
தபாலில்

வீரனைப் பெற்ற என் அருமை அக்காவுக்கு,

தாய்நாட்டின் தயவில் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நிறுத்திப் பேச வேண்டிய இடங்களில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கோடு வந்ததும் நிமிர்ந்து பாருங்கள், கைதட்டுவார்கள். தட்டி முடிக்கும்வரை அடுத்த வரிக்குப் போக வேண்டாம். 'என் ஒரே மகனைக் கொடுத்துவிட்டேன், நீங்கள் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்' என்ற வரிக்குப் பிறகு தண்ணீர் குடியுங்கள், தாகம் இல்லாவிட்டாலும்.

தங்கள் அன்புத் தம்பி


ஜூன் 20
லாரிக்காரர் கையில்

அன்புள்ள தம்பிக்கு,

'தங்கள்' 'நீங்கள்' என்று எழுதியிருந்தாயே, யாருக்கு வந்த கடிதம் என்று முகவரியைத் திருப்பிப் பார்த்தேன். உடம்பு எப்படி இருக்கிறது?

இதுவரை ஒன்பது கூட்டம் பேசிவிட்டேன். உன் சிவப்புக் கோடு பொய்த்ததே இல்லை, கோட்டுக்குக் கோடு தட்டுகிறார்கள். இப்போதெல்லாம் காகிதம்கூட வேண்டியிருப்பதில்லை. உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம், கைதட்டல் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவன் நிஜமாகவே பாலத்தில் நின்ற மாதிரி இருக்கிறது.

ஐந்தாவது கூட்டத்தில் பட்டன்காரியின் சின்ன மகன் முன்வரிசையில் இருந்தான். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. நான் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் எழுந்து கையெழுத்துப் போடப் போய்க்கொண்டிருந்தான். பட்டன்காரிக்கு ரேஷன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் சுவருக்கு மேலே தலையை நீட்டி அவளைக் கூப்பிட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மையைச் சொல். இன்னும் மூன்றாவது பட்டியலில்தானே இருக்கிறான்? முதலாவதற்கு மாறிவிடவில்லையே?

அக்கா


ஆகஸ்ட் 3
லாரிக்காரர் கையில்

தம்பி,

வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு உன் நிகழ்ச்சி ஓடுகிறபோது தெருவில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரம் பார்த்துக் கொல்லை வழியாக வந்திருக்கிறான். நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் மூடி வைத்த சட்டியை வழித்துத் தின்றுவிட்டு அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து என்னை நோக்கி வந்தவன் வழக்கம்போல நிலையில் தலையை இடித்துக்கொண்டான். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உயிர் வந்தது.

எதிரி முகாமில் ஐந்து மாதம் இருந்திருக்கிறான். முகாம் மேல் நம் ஆட்களே குண்டு போட்டார்களாம், அந்தக் குழப்பத்தில் தப்பித்து நடந்தே வந்திருக்கிறான். இடது கையில் இரண்டு விரல் இல்லை. தாடிக்குள் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

வாசல் தகட்டைப் பற்றிச் சொன்னேன். பாலத்தைப் பற்றியும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாலமா? யாரும்மா சொன்னது? நாங்க இருந்த பக்கம் ஆறே கிடையாதும்மா. குடிக்கவே லாரியிலதான் தண்ணி வரும்."

"உன் மாமன் எழுதினதுடா."

"மாமாவா? அப்போ நல்லாத்தான் செத்திருப்பேன்."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இனிமே நான் என்னம்மா பண்றது?" என்று கேட்டான். பரணில் படுக்க வைத்திருக்கிறேன். அவன் உயரத்துக்குக் காலை நீட்ட முடியவில்லை, முழங்காலை மடக்கியே கிடக்கிறான். ஊரிலேயே தினம் ஆள் வந்து போகிற வீடு இது ஒன்றுதான். நேற்று நாற்பது பிள்ளைகள் வந்து கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தன. மேலே அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

ஒரு வரியில் திருத்திவிடலாம் என்றாயே. திருத்து.

அக்கா


ஆகஸ்ட் 14
லாரிக்காரர் கையில்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கழிப்பறைக்குள் நின்று படித்துவிட்டு அங்கேயே எரித்தேன். அழுதேன். அவன் தலையைத் தடவி மாமா கேட்டதாகச் சொல். இருமல் வந்தால் வாயில் துணியை வைத்துக்கொள்ளச் சொல். கை சும்மா இருக்காது அவனுக்கு, ரேடியோ எதையும் தொட விடாதே.

நேரடியாகக் கேட்க முடியாது. நேற்று அதிகாரி நல்ல மனநிலையில் இருந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்தேன்.

"ஐயா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நாம அறிவிச்ச வீரன்ல ஒருத்தன் உயிரோட வந்து நின்னா என்ன செய்யறது?"

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?" என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். குறித்துக்கொண்டார். நல்ல வழியாக ஏதாவது சொல்வார் என்று தோன்றுகிறது. கொஞ்சம் பொறு.

தம்பி


ஆகஸ்ட் 29
லாரிக்காரர் கையில்

அக்கா,

நலம் விசாரிக்க நேரம் இல்லை. வாயைக் கொடுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன்.

அதிகாரி என் கேள்வியை மேலே அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து உத்தரவு வந்துவிட்டது. நம் வீரர்களின் சாயலில் ஆட்களைப் பிடித்து எதிரி நம் ஊர்களுக்குள் அனுப்புகிறான் என்று ஒரு நிகழ்ச்சி. செப்டம்பர் நான்காம் தேதி ஒலிபரப்பு. எழுதச் சொன்னது என்னைத்தான். 'கேட்டது நீதானே, நீயே எழுது' என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

எழுதினேன். எழுத மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அந்தக் கேள்வி உன் வீட்டில் போய் முடியும். சுமாராக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை பழக்கத்தில் ஓடிவிட்டது. 'வருகிறவனுக்கு வீட்டு வாசல் தெரியும், அம்மாவின் முழங்கால் வலிகூடத் தெரியும். பெற்ற தாயே ஏமாறுவாள். ஆகவே தாய் சொல்வதை நம்பாதீர்கள், அக்கம்பக்கத்தார் கண்ணைத் திறந்து வையுங்கள்.' இந்த இடத்தை அதிகாரி இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

லாரிக்காரர் வியாழக்கிழமை அங்கே இருப்பார். திரும்பும்போது துணிக்கட்டுகளுக்கு நடுவே அவனைப் படுக்க வைத்து மலைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவன் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

தம்பி


செப்டம்பர் 7
தபாலில்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். வீட்டிலும் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. உன் நலத்துக்கு எழுதவும்.

மூன்று வாரமாகத் துணி லாரி வரவில்லை. ராணுவ வேலைக்குப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறார்கள். துணி இல்லாமல் மெஷின்கள் சும்மா நிற்கின்றன.

வெள்ளிக்கிழமை உன் புதிய நிகழ்ச்சியைக் கேட்டோம். எல்லோரும் பாராட்டினார்கள். முழங்கால் வலி என்று வந்ததும் நீ எழுதியது என்று கண்டுகொண்டேன். பட்டன்காரி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய சின்ன மகனையும் காணவில்லை என்று போன வாரம் காகிதம் வந்திருக்கிறது.

லாரி எப்போது வரும் என்று விசாரித்து எழுது. தயவுசெய்து விசாரி.

அக்கா


செப்டம்பர் 16
லாரிக்காரர் கையில்

தம்பி,

நேற்றுத்தான் லாரி வந்தது. நீ ஆகஸ்டில் எழுதியதை நேற்றுத்தான் படித்தேன்.

ஒன்பதாம் தேதி கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டிருக்கிறது. பட்டன்காரி சொல்லிவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது தடவையும் ரேஷன் அட்டையைப் பிடுங்க வந்தவர்களிடம் வாசலில் நின்றுதான் சொன்னாளாம். முதல் மகனைத் தொலைத்தவளிடமிருந்து இரண்டாவது மகனையும் பேசிப் பேசிப் பிடுங்கியது நான். அவள் வேறு என்ன செய்வாள்?

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வைத்திருந்தார்கள். என்னை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். போகிற வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு போனேன். என் பிள்ளை என்று சொல்லப் போகிறேன், அப்புறம் நடப்பது நடக்கட்டும், நீ எழுதிய பொய்யும் வெளியே வரட்டும், மூன்று பேரும் சேர்ந்தே போய்ச் சேருவோம் என்று. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அங்கிருந்த ராணுவ அதிகாரி கேட்டார், "அம்மா, இது உங்க பையனா?" நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. ரேடியோவுல சொன்னீங்களே, அதேதான். முகம் ஒத்துப் போகுதுன்னு அனுப்பி வெச்சாங்க. அந்தம்மாவும் ஏமாந்து போய்ச் சோறு போட்டாங்க."

பரணில் படுத்துக்கொண்டு உன் நிகழ்ச்சியின் ராத்திரி மறுஒலிபரப்பை அவனும் கேட்டிருக்கிறான் தம்பி. பட்டன்காரி வீட்டு ரேடியோ, அவன் ரிப்பேர் செய்து கொடுத்தது, சுவரைத் தாண்டிக் கேட்கும்.

நான் வாயைத் திறந்தபடியே நின்றேன். அவன் சொன்ன பிறகு என் பிள்ளை என்று நான் சொன்னால் அவன் சொன்னதற்கு என்ன அர்த்தம்? அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வகுப்பறை வாசல் நம் வீட்டு வாசலைவிடக் குட்டை. குனிந்து போனான். பிறந்ததிலிருந்து ஒரு வாசலிலும் அவன் குனிந்து நான் பார்த்ததில்லை. இடித்துக்கொண்டால் நான் ஐயோ என்றுவிடுவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் மைதானத்தில் வைத்து முடித்துவிட்டார்கள். வீரனின் தாய் என்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். நான் பார்த்தேன். முகம் சுளித்தான். சின்ன வயதில் ஊசி போடப் போனால் எப்படிச் சுளிப்பானோ, அப்படி. இதை நீ எழுதி வைத்துக்கொள், வேறு யாருக்கும் தெரியாது.

இப்போது தலைநகரத்தில் பெரிய கூட்டமாம், வானொலியிலும் வருமாம். தன் மகன் இல்லை என்று ஒரு தாய் எப்படிக் கண்டுகொண்டாள் என்று நான் பேச வேண்டும். அன்றைக்குப் பெற்ற தாயே ஏமாறுவாள் என்றீர்கள், இன்றைக்கு ஏமாறாத தாய் வேண்டுமாம். மாட்டேன் என்றால் ஏன் என்று தோண்டுவார்கள், நீயும் போய்விடுவாய். அவன் அவ்வளவு தூரம் வந்து சொன்ன பொய் வீணாகிவிடும். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன், ஒரு வரி வரவில்லை. நீயே எழுதி அனுப்பு. உனக்குத்தான் வரும்.

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


அக்டோபர் 1
தபாலில்

வீரனைப் பெற்ற என் அக்காவுக்கு,

நலம். தாங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டபடி ஒரு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு பக்கத்துக்கு நான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதில்லை. அதிகாரி பார்த்துவிட்டார், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

சிவப்புக் கோடு இந்தத் தடவை ஒரே இடத்தில்தான். 'அவன் என் மகன் இல்லை' என்ற வரிக்குப் பிறகு நிறுத்துங்கள். ஆயிரக்கணக்கான பேர் வருவார்கள், எல்லோரும் எழுந்து நின்று தட்டுவார்கள், வெகுநேரம் தட்டுவார்கள். அந்த நேரம் முழுவதும் விளக்குகளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைக்கும்படி சொல்லியிருக்கிறேன். ஒலிவாங்கியையும் நானே அணைத்துவிடுவேன். மேடையில் இருட்டாக இருக்கும். தங்கள் முகம் யாருக்கும் தெரியாது, தங்கள் குரலும் கேட்காது. கைதட்டல் ஓய்கிறவரை அவசரப்பட வேண்டாம்.

தம்பி